தண்ணீரோடு ஒட்டுமா, ஒதுங்குமா? பிளஸ் ஒன் செல் பாடத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு வழி

பிளஸ் ஒன் உயிரியலில் செல், உயிரி மூலக்கூறுகள் என்ற இரண்டு பாடங்களையும் தேர்வுக்காகத் திருப்பிப் பார்க்க உட்காரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உறுப்பின் பெயர், வலப்பக்கம் அதன் வேலை. மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் நிலையம், ரைபோசோம் என்றால் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் என்றால் தற்கொலைப் பை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஐந்து மதிப்பெண் கேள்வி ‘ஏன்’ என்று முடிந்தால் அந்த நோட்டு கைகொடுக்காது. நீட் தேர்வில் கூற்று, காரணம் என்று இரண்டு வரி கொடுத்துக் கேட்கும்போது இன்னும் சிரமம்.

என் கணக்கில், இந்தப் பாடங்களில் வரும் ‘ஏன்’களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. இந்தப் பொருள் தண்ணீரோடு ஒட்டுமா, தண்ணீரிலிருந்து ஒதுங்குமா? இதைக் கேட்டுக்கொண்டே படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது கணிசமாகக் குறையும்.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கம் லேசான எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் தன்மை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இந்த ஈர்ப்புக்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. மின்சுமை உள்ள அயனிகளும், சர்க்கரை போல நிறைய ஓ.எச். தொகுதிகள் கொண்டவையும் இந்தக் கூட்டத்தில் சுலபமாகக் கலந்துவிடும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே நீளமாகக் கோத்த கொழுப்பு அமில வாலில் தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் சேர்ந்துகொண்டு அதை ஓரம் கட்டிவிடுகின்றன. ரசத்தின் மேல் எண்ணெய் சின்னச் சின்ன வட்டமாக மிதப்பதையும், கரண்டியால் ஒதுக்கினால் இரண்டு வட்டம் சேர்ந்து பெரிய வட்டமாவதையும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்குத் தண்ணீர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குத் தண்ணீர் மேல் பிரியம் அதிகம், அவ்வளவுதான்.

சவ்வு

பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. பாஸ்பேட் இருக்கும் தலை மின்சுமை உள்ளது, தண்ணீரோடு ஒட்டும். இரண்டு கொழுப்பு அமில வால்கள் ஒதுங்கும். இப்படிப்பட்டவற்றைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? வால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்க, தானாகவே இரட்டை அடுக்கு உருவாகிவிடும். யாரும் கட்ட வேண்டியதில்லை. செல் சவ்வின் அடிப்படை இவ்வளவுதான்.

1972 இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன பாய்மத் திட்டு மாதிரி இதன் மேல் எழுந்தது. இரட்டை அடுக்கு உறைந்த சுவர் அல்ல. லிப்பிடுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, நடுநடுவே புரதங்கள் பதிந்திருக்கின்றன. படம் வரையச் சொன்னால் பாஸ்போலிப்பிட் தலை, வால், ஊடுருவிய புரதம், மேலோட்டமான புரதம், வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலி, விலங்கு செல் என்றால் கொலஸ்டிரால், இத்தனையும் குறிக்க வேண்டும். சர்க்கரைச் சங்கிலியைச் செல்லின் உள்பக்கம் வரைந்துவிட்டு மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறையப் பேர். அது வெளிப்பக்கம் மட்டுமே.

சரி, இந்தச் சவ்வின் வழியே யார் போகலாம்? உள்ளே எண்ணெய்ப் பகுதி இருப்பதால் எண்ணெயோடு ஒத்துப்போகிறவர்களும் மிகச் சிறியவர்களும் போகலாம். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போகும். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் போகும். சோடியம் அயனி எவ்வளவு சிறியதானாலும் போகாது, ஏனென்றால் அது மின்சுமை உள்ளது. குளுக்கோஸ் போகாது. இவற்றுக்கெல்லாம் புரத வாசல் வேண்டும். தண்ணீர் கொஞ்சம் நேராகவே கசியும். வேகமாகப் போக வேண்டிய செல்களில் அதற்கென்றே அக்குவாபோரின் என்ற புரத வாசல் உண்டு.

இந்த ஒரு பத்தியிலிருந்து எத்தனை விடைகள் வருகின்றன என்று பாருங்கள். இன்சுலின் ஏன் செல்லுக்குள் நுழையாமல் சவ்வின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏன் நேராக உள்ளே போகிறது? முதலாவது புரதம், இரண்டாவது ஸ்டீராய்டு. வைட்டமின் சி அதிகமானால் ஏன் சிறுநீரில் போய்விடுகிறது, வைட்டமின் ஏ அதிகமானால் ஏன் கல்லீரலில் தேங்கிக் கெடுதல் செய்கிறது? முதலாவது தண்ணீரில் கரையும், இரண்டாவது கொழுப்பில் கரையும்.

சவ்வு வழியே தண்ணீர் அடர்த்தி குறைந்த கரைசலிலிருந்து அடர்த்தி கூடிய கரைசலுக்குப் போவதுதான் சவ்வூடுபரவல். இதற்குச் செய்முறை வகுப்பில் ரியோ இலையைக் கொடுப்பார்கள். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம். அந்தத் தோலை மெல்லியதாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் ஓரம் வரை ஊதாவாக நிறைந்திருக்கும். தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு அடர்த்தியான உப்புக் கரைசலை விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால், ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவே சுருங்கும். செல்லின் வெளிக்கோடு மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். அந்த வெளிக்கோடு செல்சுவர், சுருங்கியது பிளாஸ்மா சவ்வும் அதற்குள்ளே இருப்பதும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. அப்புறம் மறுபடி சுத்தமான தண்ணீரை விட்டால், ரொம்ப நேரம் ஆகாதிருந்தால், ஊதா பழையபடி நிறையும். சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையே இப்போது என்ன இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். வெற்றிடம் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே இருப்பது உப்புக் கரைசல். செல்சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும், சவ்வுதான் தடுக்கும்.

இரத்தச் சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை. அதனால் வெறும் தண்ணீரில் அது வீங்கி வெடிக்கும். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதே இடத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் படித்து வைத்தால் நல்லது. 1971 இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். அவை உள்ளே போனதும் தண்ணீர் சவ்வூடுபரவலால் பின்னாலேயே போகிறது. உப்பு மட்டும் கொடுத்தாலும் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை மட்டும் கொடுத்தாலும் செய்யாது. இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். சர்க்கரையை அள்ளிப் போட்டால் குடலுக்குள் கரைசல் அடர்த்தியாகி, உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும், வயிற்றுப்போக்கு கூடும். வீட்டில் கலக்கும்போது பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவை மீறக் கூடாது என்பதற்கு உயிரியல் காரணம் இது.

மூலக்கூறுகள் நால்வர்

கார்போஹைட்ரேட்டில் தடுக்கி விழ அதிகம் இல்லை. குளுக்கோஸ் ஒற்றைச் சர்க்கரை. சுக்ரோஸ் இரட்டை: குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். ஸ்டார்ச், கிளைக்கோஜன், செல்லுலோஸ் மூன்றுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். முதல் இரண்டில் ஆல்பா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. அந்தச் சின்ன மாற்றத்தால் சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. கேட்கக்கூடிய ஒரு ‘ஏன்’ உண்டு. உருளைக்கிழங்கு ஏன் குளுக்கோஸாகவே சேமிக்காமல் ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது? குளுக்கோஸ் தண்ணீரில் கரைந்து செல்லை அடர்த்தியாக்கும், தண்ணீர் உள்ளே பாயும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்து ஸ்டார்ச் மணியாக ஒதுக்கி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. செய்முறைக்கு: ஸ்டார்ச்சுக்கு அயோடின், நீலக்கறுப்பு. ஒடுக்கும் சர்க்கரைக்கு பெனிடிக்ட், செங்கல் சிவப்பு. புரதத்துக்கு பையூரெட், ஊதா. சுக்ரோஸ் பெனிடிக்டில் நிறம் தராது.

லிப்பிடைப் பற்றிச் சவ்வில் பெரும்பாலும் சொல்லியாயிற்று. கொழுப்பு அமில வாலில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் வளைவு விழும், மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடியாது, அதனால் சாதாரண வெப்பத்தில் திரவம். நல்லெண்ணெய் அப்படி. நெய்யில் நிறைவுற்ற வால்கள் அதிகம், அதனால் மார்கழியில் உறைகிறது.

புரதத்துக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அமினோ அமிலங்கள் 20. எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் அமினோ தொகுதி, ஒரு பக்கம் கார்பாக்சில் தொகுதி. மாறுவது நடுக் கார்பனில் தொங்கும் பக்கத் தொகுதி மட்டும். சிலவற்றின் பக்கத் தொகுதி தண்ணீரோடு ஒட்டும், சிலவற்றினுடையது ஒதுங்கும். பெப்டைடு பிணைப்பால் கோத்த நீளமான சங்கிலியைத் தண்ணீரில் விட்டால், ஒதுங்குகிறவை உள்ளே போய்ப் பதுங்க, ஒட்டுகிறவை வெளியே நிற்க, சங்கிலி மடிந்து உருண்டையாகிறது. முதல்நிலை அமைப்பு என்பது வரிசை. இரண்டாம் நிலை என்பது ஹைட்ரஜன் பிணைப்பால் வரும் ஆல்பா சுருள், பீட்டா தகடு. மூன்றாம் நிலை என்பது முழுச் சங்கிலியின் மடிப்பு. நான்காம் நிலை, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் சேர்வது.

வரிசையில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகையை விட நல்ல உதாரணம் இல்லை. ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: 141 அமினோ அமிலம் கொண்ட ஆல்பா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம். அது மின்சுமை உள்ளது, உருண்டையின் வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டி நிற்கும். நோயுள்ளவர்களுக்கு அந்த இடத்தில் வேலின். அது தண்ணீரிலிருந்து ஒதுங்குவது. வெளிப்பக்கம் ஒதுங்க இடமில்லாமல் நிற்கும் வேலின், ஆக்சிஜன் குறையும்போது அடுத்த ஹீமோகுளோபினில் உள்ள ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அப்படியே ஒன்றோடு ஒன்றாக ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. 1949 இல் லினஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்றார். எந்த அமினோ அமிலம் மாறியது என்று சில ஆண்டுகளில் வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தார். நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952 இல் தெரியவந்தது. இன்றும் அங்கே இதற்கான பரிசோதனை நடக்கிறது. வெறும் தேர்வுச் சமாச்சாரம் இல்லை இது.

முட்டை வெந்தால் வெள்ளைக்கரு ஏன் வெளுத்துக் கெட்டியாகிறது என்பதும் இதே கதைதான். சூட்டில் மடிப்பு அவிழ்கிறது, உள்ளே பதுங்கியிருந்த ஒதுங்கும் பகுதிகள் வெளியே வருகின்றன, ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. இயல்பு திரிதல் என்று இதற்குப் பெயர். ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இதில் பெப்டைடு பிணைப்பு அறுவதில்லை. வரிசை அப்படியே இருக்கிறது, மடிப்புதான் போனது.

இழைப் புரதத்துக்கு உதாரணம் கேட்டால் கொலாஜன் எழுதலாம். மூன்று சங்கிலிகள் முறுக்கிய அதன் அமைப்பை 1954 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின், ஏனென்றால் முறுக்கின் உள்பக்கம் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை.

நியூக்ளிக் அமிலத்திலும் நம் கேள்வி வேலை செய்கிறது. டி.என்.ஏ.வில் மின்சுமையுள்ள பாஸ்பேட்டும் சர்க்கரையும் வெளிப்பக்கம், தட்டையான காரங்கள் உள்பக்கம் அடுக்காக. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடினினுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் இடையே மூன்று. கணக்குக் கேள்வி வரும்: அடினின் 30 சதவீதம் என்றால் தைமின் 30, மீதி 40 ஐப் பாதியாக்கினால் குவானின் 20. இது ஈரிழை டி.என்.ஏ.வுக்கு மட்டும். ஓரிழை ஆர்.என்.ஏ.வுக்கு இந்தக் கணக்கைப் போட வைத்து ஏமாற்றப் பார்ப்பார்கள்.

நொதி

செய்முறையிலிருந்தே தொடங்கலாம். நீர்த்த ஸ்டார்ச் கரைசலில் கொஞ்சம் உமிழ்நீர் விட்டு, 37 டிகிரி தண்ணீரில் சோதனைக் குழாயை நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டில் இருக்கும் அயோடின் சொட்டோடு சேருங்கள். முதலில் நீலக்கறுப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சள் பழுப்பு மட்டும். ஸ்டார்ச் காலி. இன்னொரு குழாயில் கொதிக்க வைத்து ஆறிய உமிழ்நீரை விட்டால் நீலம் போகவே போகாது. மூன்றாவது குழாயைப் பனிக்கட்டியில் வைத்தால் நீலம் மிக மெதுவாகக் குறையும். அதையே எடுத்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் வேகம் திரும்பிவிடும். கொதித்த நொதி மடிப்பு அவிழ்ந்தது, திரும்பாது. குளிர்ந்த நொதி சும்மா மந்தமாக இருந்தது. இந்த வித்தியாசத்தை விடையில் தெளிவாக எழுதினால் முழு மதிப்பெண்.

நொதி வினை நடக்கத் தேவையான கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது. வினையில் வெளிவரும் மொத்த ஆற்றலை மாற்றுவதில்லை, சமநிலையையும் மாற்றுவதில்லை, வேகத்தை மட்டும்தான். 1894 இல் எமில் ஃபிஷர் பூட்டும் சாவியும் என்று சொன்னார். 1958 இல் கோஷ்லாண்ட், பொருள் வந்து அமரும்போது நொதியும் சற்று வடிவம் மாறிப் பிடித்துக்கொள்கிறது என்றார். பெப்சினுக்குப் பி.எச். 2 அளவு பிடிக்கும், டிரிப்சினுக்கு 8 அளவு. பி.எச். மாறினால் பக்கத் தொகுதிகளின் மின்சுமை மாறும், மடிப்பும் மாறும்.

போட்டித் தடைக்குப் புத்தகத்தில் மலோனேட் உதாரணம் இருக்கும். சக்சினிக் டிஹைட்ரஜனேஸ் நொதியில் சக்சினேட் உட்கார வேண்டிய இடத்தில் மலோனேட் உட்கார்ந்துகொள்ளும். அதை எழுதுங்கள். ஆனால் மனதில் நிற்க வேண்டுமென்றால் மெத்தனாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடம்பில் பெரிய சேதம் செய்வது மெத்தனால் அல்ல, அது மாறி உண்டாகும் பொருள்கள். கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும், அடுத்த நொதி ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியை முடக்கிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. மருத்துவமனையில் கொடுக்கும் ஃபோமெபிசோல் மருந்து முதல் நொதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெத்தனால் மாறாமலே மெதுவாக வெளியேற அவகாசம் கிடைக்கிறது. போட்டித் தடையில் வினைபடு பொருளை அதிகமாக்கினால் தடை தோற்கும். அதனால் வி-மேக்ஸ் (வினையின் உச்ச வேகம்) மாறாது, கே.எம். (அதில் பாதி வேகத்துக்குத் தேவையான வினைபடு பொருளின் அடர்த்தி) கூடும். தடைப்பொருள் நொதியின் வேறோர் இடத்தில் ஒட்டும் போட்டியில்லாத் தடையில் வி-மேக்ஸ் குறையும், கே.எம். மாறாது.

உறுப்புகளை இன்சுலினோடு சுற்றிப் பார்ப்போம்

உறுப்புகளைத் தனித்தனியே படிப்பதற்குப் பதில் ஒரு புரதத்தின் பின்னால் போவது நல்லது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எடுத்துக்கொள்வோம். இன்சுலினுக்கான மரபணு நமக்கு 11 ஆவது குரோமோசோமில் இருக்கிறது. உட்கருவுக்குள் அது தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, உட்கருத் துளை வழியே வெளியே வருகிறது. ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கத் தொடங்குகிறது.

ரைபோசோமுக்குச் சவ்வு கிடையாது, அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் 80 எஸ், பாக்டீரியாவில் 70 எஸ். 60 உம் 40 உம் சேர்ந்து எப்படி 80 ஆகும் என்று குழம்ப வேண்டாம். எஸ் என்பது எடை அல்ல, சுழற்றும்போது படியும் வேகம். அதைக் கூட்ட முடியாது. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் 70 எஸ் ரைபோசோமை முடக்கும், நம்முடையதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் காட்டியதற்காக 2009 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

சங்கிலியின் முதல் 24 அமினோ அமிலங்கள் முகவரி போல. அவற்றில் ஒதுங்கும் வகையே அதிகம். அந்த முகவரியைப் பார்த்து ரைபோசோம் சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மேல் கொண்டுபோய் உட்கார வைக்கப்படுகிறது, சங்கிலி சவ்வைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. 110 அமினோ அமிலச் சங்கிலியில் முகவரி வெட்டப்பட்டு 86 மிஞ்சும். அது மடிந்து மூன்று டைசல்பைடு பிணைப்புகள் போட்டுக்கொள்ளும். பிறகு சிறு பைகளில் ஏறிக் கோல்கைக்குப் போகும். அங்கே சுரப்புப் பைகளில் அடைக்கப்படும். அந்தப் பைகளில் நடுத்துண்டு வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது 21 கொண்ட ஏ சங்கிலியும் 30 கொண்ட பி சங்கிலியும், மொத்தம் 51. இந்த வரிசையை முழுசாகக் கண்டுபிடித்த ஃபிரெட்ரிக் சாங்கருக்கு 1958 இல் நோபல். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் சுரப்புப் பையின் சவ்வு செல் சவ்வோடு ஒன்றாகி, இன்சுலின் வெளியே கொட்டும். இந்த முழுப் பாதையையும் கணைய செல்களில் தொடர்ந்து பார்த்த ஜார்ஜ் பாலடேவுக்கு 1974 இல் நோபல் பங்கு கிடைத்தது.

வெட்டி எடுத்த நடுத்துண்டும், சி-பெப்டைடு, இன்சுலினோடு சம அளவில் வெளியே வருகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் அது இருக்காது. அதனால் ஒருவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் சி-பெப்டைடு பரிசோதனை எழுதுகிறார்கள்.

கோல்கையிலிருந்து இன்னொரு வழியும் பிரிகிறது, லைசோசோமுக்கு. அதன் நொதிகள் பி.எச். 5 அளவில்தான் வேலை செய்யும். சைட்டோபிளாசத்தில் பி.எச். 7 க்கு மேல், அதனால் கொஞ்சம் கசிந்தாலும் செல் தப்பிக்கும். வழவழப்பான எண்டோபிளாச வலையில் லிப்பிடு தயாரிப்பும் நச்சு நீக்கமும்.

இத்தனைக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. வேண்டும். குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைகாலிசிஸ் சைட்டோபிளாசத்தில், அடுத்து வரும் கிரெப்ஸ் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில், எலக்ட்ரான் கடத்தல் உட்சவ்வில். எலக்ட்ரான்கள் கைமாறும்போது புரோட்டான்கள் உட்சவ்வின் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. அவற்றுக்கு மின்சுமை உண்டு, எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் திரும்ப முடியாது. திரும்ப ஒரே வழி ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதம், போகிற போக்கில் அது ஏ.டி.பி.யைச் செய்துவிடுகிறது. பீட்டர் மிட்செல் 1961 இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978 இல் நோபல் கொடுத்தார்கள். 1930 களில் அமெரிக்காவில் உடல் எடை குறைக்க டைநைட்ரோஃபீனால் மாத்திரை விற்றார்கள். அது கொழுப்பில் கரையும், புரோட்டானைத் தூக்கிக்கொண்டு சவ்வைத் தாண்டிவிடும். ஏ.டி.பி. ஆக வேண்டிய ஆற்றல் சூடாகப் போனது. எடை குறைந்தது, சிலர் உடல் சூடேறி இறந்தும் போனார்கள். 1938 இல் தடை வந்தது.

ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி. என்றால் பள்ளிப் புத்தகங்கள் 36 அல்லது 38 என்கின்றன, இன்றைய கணக்கு 30, 32 பக்கம் வருகிறது. தேர்வில் உங்கள் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், வீர சாகசம் வேண்டாம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. கிளைகாலிசிஸ் தரும் இரண்டு ஏ.டி.பி.யில்தான் பிழைப்பு. சுமந்து போகும் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடாமல் இருக்க அதுவும் ஒரு வசதி.

செல் பகுப்பு

இங்கே தண்ணீர்க் கேள்வி உதவாது. எண்ணத் தெரிந்தால் போதும். விதி ஒன்று: சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இரண்டு இழைகளான குரோமாட்டிடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடம்) எத்தனையோ, குரோமோசோம் அத்தனை. வெங்காய வேர் நுனிச் செல்லில் 16 குரோமோசோம். டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முந்தைய ஜி1 நிலையில் டி.என்.ஏ. அளவு 2 சி என்று வைத்துக்கொள்வோம். டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ் நிலை முடிந்ததும் டி.என்.ஏ. 4 சி, குரோமாட்டிடு 32, குரோமோசோம் அதே 16. இங்கேதான் பலர் 32 குரோமோசோம் என்று எழுதுகிறார்கள். சாதாரணப் பகுப்பான மைட்டாசிஸில், பிரிந்தவை இரு முனைக்கும் நகரும் அனாஃபேஸ் கட்டத்தில் சென்ட்ரோமியர் பிரிகிறது, அப்போதுதான் குரோமோசோம் 32. பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு சேய்ச் செல்லிலும் 16, டி.என்.ஏ. 2 சி.

இனச்செல்களை உண்டாக்கும் மியாசிஸின் முதல் அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரியாது, ஜோடிகள்தான் பிரியும். அதனால் முதல் பகுப்பு முடிந்த செல்லில் குரோமோசோம் 8, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குரோமாட்டிடு இருப்பதால் டி.என்.ஏ. 2 சி. இரண்டாம் பகுப்பும் முடிந்தால் குரோமோசோம் 8, டி.என்.ஏ. 1 சி. ஜி1 இல் இருக்கும் வேர் செல்லிலும் 2 சி, மியாசிஸ் முதல் பகுப்பு முடிந்த செல்லிலும் 2 சி, ஒன்றில் 16 குரோமோசோம், மற்றதில் 8. இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதில் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குத் தனி ஆசை உண்டு.